இரண்டு கறுப்புக் கற்கள்: கடப்பாவும் கறுப்பு கிரானைட்டும்

ஓசூர்ப் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளின் சமையலறையில் பெரும்பாலும் இரண்டு கறுப்புக் கற்கள் இருக்கும். அடுப்பு வைக்கும் மேடையில் பளபளப்பாக ஒன்று. மேடைக்குக் கீழே பாத்திரம் அடுக்கும் தட்டுகளில் சற்று மங்கலாக இன்னொன்று. மேலே இருப்பதைக் கறுப்பு கிரானைட் என்கிறோம். கீழே இருப்பது கடப்பா. முதலாவது பூமிக்குள் உருகிக் கிடந்த பாறைக்குழம்பு ஆறி இறுகியது, அதாவது தீப்பாறை. இரண்டாவது கடலடியில் சேறாகப் படிந்து கல்லானது, அதாவது படிவுப்பாறை. எட்டடிச் சுவருக்குள் இரண்டும் அக்கம்பக்கமாக இருப்பதால், இந்தப் பாடத்தைப் படிக்கச் சமையலறையே போதும்.

கல் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் பளபளப்பையும் பார்க்கிறார்கள். இரண்டுமே கல்லின் குணத்தைச் சொல்லாது. கல் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் எதில் கறை பிடிக்கும், எது எலுமிச்சைச் சாற்றுக்கு வெளுக்கும், எது நடுவில் முறியும் என்பதை வாங்கும் முன்பே சொல்லிவிடலாம். இந்த அத்தியாயம் அதற்காகத்தான்.

குழம்பிலிருந்து வந்தது

கறுப்பு கிரானைட் என்று கடையில் விற்பதைப் புவியியலாளர்கள் டோலரைட் என்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் செம்மண் காடுகளுக்குக் குறுக்கே கறுப்பு உருண்டைப் பாறைகள் கிலோமீட்டர் கணக்கில் ஒரே வரிசையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலம் பிளந்தபோது ஆழத்திலிருந்து குழம்பு ஏறி அந்தப் பிளவில் நிறைந்து இறுகியது. சுற்றியிருந்த பாறை தேய்ந்து மண்ணான பிறகும் இது நின்றுவிட்டது. பெங்களூரிலிருந்து தருமபுரி வரைக்கும் இப்படிக் கறுப்புப் பாறைச் சுவர்கள் நிலத்தை ஊடறுத்து ஓடுகின்றன. அவற்றில் பலவற்றின் வயது சுமார் 237 கோடி ஆண்டு.

குழம்பு ஆறும்போது தாதுக்கள் ஒவ்வொன்றாகப் படிகமாகின்றன. இடம் போதாமல் ஒன்றின் இடுக்கில் மற்றொன்று வளர்ந்து, முழுக்கப் பின்னிக்கொள்கின்றன. சாம்பல் நிற ஃபெல்ஸ்பார், கரும்பச்சைப் பைராக்சீன் இரண்டும் இப்படிக் கோத்துக்கொண்டு கிடப்பதுதான் டோலரைட். அதில் மேல் கீழ் கிடையாது, ஏடு கிடையாது. எந்தத் திசையில் அறுத்தாலும் ஏறக்குறைய ஒரே பலம். ஒட்டவைக்கும் பசை எதுவும் இல்லாமல் படிகங்கள் தாமே பூட்டிக்கொண்டதால், உள்ளே நீர் புக இடமும் மிகக் குறைவு.

சேற்றிலிருந்து வந்தது

கடப்பா கல் ஆந்திரத்தின் கடப்பா, கர்னூல் பகுதிகளிலிருந்து வருகிறது. அது சுண்ணாம்புக்கல். ஆழமில்லாத பழங்கடலின் அடியில் நுண்ணிய சுண்ணாம்புச் சேறு படலம் படலமாகப் படிந்து, மேலே ஏறிய சுமையால் நீர் பிழிந்து, தாதுக்கள் ஒட்டிப் பாறையானது. ஓடுள்ள உயிரினங்கள் பூமியில் தோன்றுவதற்கு முந்திய கடல் அது. அதனால் கடப்பாவில் சங்கோ சிப்பியோ தேடினால் கிடைக்காது.

படலங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய பலவீனந்தான் இந்தக் கல்லின் வாழ்வும் தாழ்வும். குவாரியில் உளியும் கடப்பாரையும் கொண்டே பலகையாகப் பெயர்த்துவிடலாம். வைரக் கம்பி தேவையில்லை, ராட்சத வாள் தேவையில்லை. விலை குறைவாக இருப்பதற்கு முதற்காரணம் இதுவே. குல்பர்காப் பக்கத்து ஷாபாத் கல்லும், தெலங்கானாவின் தாண்டூர் கல்லும், ராஜஸ்தானின் கோட்டா கல்லும் இதே இனம். எல்லாம் சுண்ணாம்புக்கல், எல்லாம் ஏடாகப் பெயர்வது. தமிழ்நாட்டுத் தாழ்வாரங்களில் தரைக்குப் போடும் கற்களில் பெரும் பகுதி இப்படி வெளி மாநிலப் படிவுப்பாறைதான். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாறை பெரும்பாலும் இவ்வளவு எளிதாகப் பலகையாகாது.

கடையில் சோதிப்பது

கடைக்குப் போகும்போது ஒரு இரும்பு ஆணி, ஒரு எலுமிச்சம்பழம், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ், நகப்பூச்சு அகற்றும் திரவம் கொஞ்சம், வெள்ளைத் துணி ஒன்று எடுத்துச் செல்லுங்கள். எல்லாச் சோதனையையும் மாதிரித் துண்டில் மட்டும் செய்யுங்கள். விற்பனைக்கு நிறுத்தியிருக்கும் பலகையில் கீறினால் கடைக்காரர் கோபப்படுவார். அது நியாயமான கோபம்.

முதலில் மேல்முகத்தைப் பார்க்காதீர்கள். “அண்ணா, அடிப்பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேளுங்கள். கிரானைட்டின் முதுகில் வாள் போன தடம் நேர்கோடுகளாகவோ வளைகோடுகளாகவோ தெரியும். கடப்பாவின் முதுகு பெரும்பாலும் இயற்கையாகப் பெயர்ந்த முகம். லேசான மேடு பள்ளம், சில இடத்தில் படி படியாக உதிர்ந்த ஏடு. பலகையின் விளிம்பைப் பார்த்தால் கடப்பாவில் படலங்கள் மெல்லிய கோடுகளாகத் தெரியும். அனுபவமுள்ள மேஸ்திரிக்கு இந்த ஒரு பார்வை போதும்.

அடுத்து லென்ஸ். டோலரைட்டில் மினுக்கும் சிறு படிகங்கள் தெரியும். கல்லை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால் ஒன்று அணைய இன்னொன்று மின்னும். கடப்பாவில் தனித்த படிகம் எதுவும் கண்ணுக்குச் சிக்காது. ஒரே மாவாக இருக்கும்.

பிறகு ஆணி. சுண்ணாம்புக்கல்லின் முக்கியத் தாதுவான கால்சைட், கடினத்தை அளக்கும் மோஸ் வரிசையில் 3. ஃபெல்ஸ்பார் 6. இரும்பு ஆணி இவற்றுக்கு நடுவே நிற்கிறது. அதனால் கடப்பாவில் ஆணி வெள்ளைக் கோடு இழுக்கும், டோலரைட்டில் இழுக்காது. இங்கே ஒரு கவனம் வேண்டும். டோலரைட்டிலும் சாம்பல் நிறக் கோடு விழுந்ததாகத் தோன்றலாம். ஈர விரலால் தேயுங்கள். கோடு போய்விட்டால் கல் தேயவில்லை, ஆணிதான் தேய்ந்து கல்லில் ஒட்டியிருக்கிறது.

எலுமிச்சைச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இதில் வேதியியல் கண்ணெதிரே நடக்கிறது. கல்லில் ஆணியால் சுரண்டிக் கொஞ்சம் தூள் உண்டாக்கி அதன் மேல் நான்கு சொட்டுப் பிழியுங்கள். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் நுண்ணிய குமிழிகள் எழும். கால்சியம் கார்பனேட்டை அமிலம் கரைக்க, கரியமில வாயு வெளியேறுகிறது. தூளாக்காமல் பளபளப்பான முகத்தில் விட்டால் குமிழி தெரியாமல் போகலாம். ஆனால் கால் மணி நேரம் கழித்துத் துடைத்தால் அந்த இடம் மட்டும் வெளிறிப் போயிருக்கும். சமையல் மேடையாகக் கடப்பாவைப் போட்டவர்கள் வீட்டில் புளியும் எலுமிச்சையும் தக்காளியும் தினந்தினம் செய்யும் வேலை இதுதான். பாலிஷ் போட்டாலும் திரும்பத் திரும்ப வெளிறும், ஏனென்றால் கறையாக மேலே ஒட்டியிருப்பது எதுவும் இல்லை. அரிக்கப்பட்டிருப்பது கல்லே.

கடைசியாக நகப்பூச்சு அகற்றும் திரவம். சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமேற்றி அடர்கறுப்பாக விற்பதுண்டு. திரவத்தில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சாயம் துணிக்கு வந்துவிடும். இயற்கையான கறுப்பு வராது.

தண்ணீர்த் துளி விட்டு உறிஞ்சுகிறதா என்று பார்ப்பது பலர் சொல்லும் வழி. இந்த இரண்டு கற்களுக்குள் அதை நம்ப வேண்டாம். கடப்பா நெருக்கமான சுண்ணாம்புக்கல். துளி அதன் மேலும் வெகுநேரம் நிற்கும். மணற்கல்லைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் துளி உதவும். எடையையும் நம்ப வேண்டாம். 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர அடிக் கடப்பா சுமார் 5 கிலோ, அதே அளவு டோலரைட் சுமார் ஐந்தரைக் கிலோ. அரைக் கிலோ வித்தியாசத்தைக் கை உணராது.

நம் ஊர்ப் பாறையில் இரண்டு பொறிகள்

இதுவரை படித்ததை வைத்துக்கொண்டு ஓசூர் சந்திரசூடேசுவரர் மலையிலோ, இராயக்கோட்டை மலையிலோ, கிருஷ்ணகிரிக் கோட்டை மலையிலோ ஏறினால் தடுமாற்றம் வரும். அங்கே பாறையில் வெள்ளையும் சாம்பலுமாகப் பட்டை பட்டையாக ஓடும். பட்டை என்றால் படிவு என்று மனம் சொல்லும். தவறு. அது நைஸ் எனப்படும் உருமாறிய பாறை. ஏற்கனவே இறுகிய பாறை ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் குழைந்து, தாதுக்கள் நிறவாரியாகப் பிரிந்து பட்டையானது. இந்தப் பகுதியில் அது நிகழ்ந்தது சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன். கிருஷ்ணகிரியிலிருந்து உலகச் சந்தைக்குப் போகும் பாரடைசோ கல்லில் ஊதாவும் சாம்பலும் அலை அலையாகப் புரள்கிறதே, அதுவும் இப்படிப் பாதி உருகிக் குழைந்த நைஸ்தான். வணிகத்தில் அதற்கும் கிரானைட் என்றே பெயர். கடினமும் அமிலம் தாங்கும் குணமும் கிரானைட்டுக்கு நிகர் என்பதால், சமையலறையைப் பொறுத்தவரை அதில் பாதகமில்லை.

நைஸ் பட்டையையும் படிவுப் படலத்தையும் பிரித்தறிய லென்ஸ் போதும். நைஸின் ஒவ்வொரு பட்டையிலும் பின்னிய படிகங்கள் தெரியும். வெள்ளைப் பட்டையில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும், கறுப்புப் பட்டையில் காக்காப்பொன் மினுக்கமும் இருக்கும். பட்டைகள் வளைந்து மடிந்து தம்மேலேயே திரும்பி வரும். படிவுப்பாறையிலோ மணலோ களியோ சுண்ணாம்போ, துகள் துகளாகப் படிந்த அடையாளம் இருக்கும்.

இரண்டாவது பொறி மலை உச்சியில். வெற்றுப் பாறையில் வெங்காயத்தின் மேல்தோல் கழல்வது மாதிரி ஓரடி, அரையடிக் கனத்தில் ஏடுகள் பெயர்ந்து நிற்கும். இதுவும் படிவு அல்ல. மேலிருந்த பாரம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போக, அழுத்தம் விலகிய பாறை விரிந்து மலையின் மேற்பரப்புக்கு இணையாகப் பிளந்தது. நைஸ் பட்டைகள் ஒரு திசையில் ஓட, இந்த ஏடுகள் வேறு திசையில் வெட்டிப் போவதைக் கவனித்தால் சந்தேகம் தீரும்.

இந்த ஏடுகள் நம் ஊருக்குச் செய்த உபகாரம் பெரிது. ஓசூர் அருகே மல்லசந்திரத்தில் குன்றின் மேல் நிற்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகளைப் பாருங்கள். சுவராக நிறுத்திய பலகைகளும் கூரையாகப் போட்ட பலகைகளும் இப்படிப் பெயர்ந்த பாறை ஏடுகளே. பெங்களூர், ஓசூர் வட்டாரத்துக் கல்லுடைப்பவர்கள் பிற்காலத்தில் இதைக் கலையாகவே வளர்த்தார்கள். பாறை மேல் விறகை எரித்துக்கொண்டே நகர்த்துவார்கள். சூடேறிய மேல்தளம் அடிப்பாறையை விட்டுக்கொண்டு எழும்பும். சுத்தியலால் தட்டி, ஓசை மாறுவதைக் கேட்டே எதுவரை விட்டிருக்கிறது என்று சொல்வார்கள். காடுகளுக்கு வேலியாகவும் அவரைப் பந்தலுக்குக் காலாகவும் நிற்கும் கல் தூண்களைப் பார்க்கும்போது அந்தக் காதுகளை நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

சாமல்பட்டி விதிவிலக்கு

எலுமிச்சைச் சோதனை நம் மாவட்டத்திலேயே ஓர் இடத்தில் ஏமாற்றும். ஊத்தங்கரை வட்டாரத்துச் சாமல்பட்டிச் சுற்றுப்புறத்தில் கார்பனடைட் என்ற அபூர்வப் பாறை இருக்கிறது. அது முழுக்கக் கால்சைட்டால் ஆனதாகவே தோன்றும், ஆணிக்குக் கீறும், அமிலத்துக்குப் பொங்கும். ஆனால் அது தீப்பாறை. கார்பனேட் செறிந்த குழம்பு ஆழத்திலிருந்து ஏறி இறுகியது. இன்றைக்கு உலகில் இத்தகைய குழம்பைக் கக்கும் எரிமலை தான்சானியாவின் ஓல் தோய்ன்யோ லெங்காய் ஒன்றுதான். ஆகவே குமிழி எழுந்தால் அதில் கால்சைட் இருக்கிறது என்பது மட்டுமே உறுதி. பாறை எப்படிப் பிறந்தது என்று அறிய அது கிடக்கும் இடத்தையும் பக்கத்துப் பாறைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வயலில் கிடைக்கும் வெள்ளை முடிச்சுகளான சுக்கான்கல்லும் இப்படிப் பொங்கும். அது பாறையின் சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து மண்ணுக்குள் திரும்பப் படிந்தது, கடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எங்கே எதைப் போடலாம்

அடுப்பு மேடை, கை கழுவும் இடம், வாசற்படி மூன்றுக்கும் கிரானைட். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பாத்திரத் தட்டு, பரண், புத்தக அலமாரி இவற்றுக்குக் கடப்பா தாராளமாகப் போதும். ஆனால் நீளமாகத் தாங்கலின்றி விட்டால் பாரத்தில் முறியும். இரண்டடி, இரண்டரையடிக்கு ஒரு நிறுத்துப் பலகை கொடுக்கச் சொல்லுங்கள். பலகையின் குறுக்கே வெள்ளை நரம்பு ஓடினால் அந்தத் துண்டைப் பரணுக்கு எடுக்காதீர்கள். பூசை அலமாரியில் கடப்பா வைத்தால் எண்ணெய்க் கறை இறங்கும். விளக்குக்கு அடியில் தட்டு வைப்பது நல்லது. கழிப்பறை ஆசிட் எந்தக் கல்லுக்கும் வேண்டாம், கடப்பாவுக்கு அறவே கூடாது.

கல் அறுக்கும் வேலையை வீட்டுக்குள் உலர்வாகச் செய்ய விடாதீர்கள். சாதாரண கிரானைட்டில் கால் பங்குக்கு மேல் குவார்ட்ஸ் இருக்கும். அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும், அதற்கு மருந்தில்லை. மணற்கல்லில் குவார்ட்ஸ் இன்னும் மிக அதிகம். ராஜஸ்தானின் மணற்கல் குவாரித் தொழிலாளர்கள் இந்த நோயால் படும் துயரம் நாடறிந்தது. டோலரைட்டிலும் கடப்பாவிலும் குவார்ட்ஸ் குறைவு, அதனால் தூசி நல்லதாகிவிடாது. கட்டிங் மெஷினுக்குத் தண்ணீர் விட ஒருவரை நிறுத்துங்கள், மேஸ்திரிக்கும் உதவியாளருக்கும் நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். முகத்தில் துண்டு கட்டுவது இந்தத் தூசியைத் தடுக்காது. ஒரு சதுர அடிக்கு ஐந்து ரூபாய் குறைக்கப் பேரம் பேசுகிற நாம் இதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

காலடியில் இருக்கும் பாறையும் குழாயில் வரும் தண்ணீரும்

படிவுப்பாறைக்கும் நம் பாறைக்கும் உள்ள வேறுபாட்டைப் போர்வெல் போட்டவர்கள் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள். மணற்கல்லில் மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியெல்லாம் நீர் நிற்கும். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் உள்ள மணல் அடுக்குகளில் நீரின் அழுத்தம் அவ்வளவு அதிகம். இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கமே நடக்கும். ஓசூர்ப் பாறையின் உடலில் நீர் நிற்க இடமில்லை. மேலே உக்கிய மண்ணிலும் கீழே விரிசல்களிலும் மட்டுமே நீர். விரிசலைத் தொட்டால் தண்ணீர், தவறினால் வெறும் தூள். பக்கத்து மனையில் கிடைத்தது நம் மனையில் கிடைக்காததற்கு இதுவே காரணம். ஆழமாகப் போகப் போக விரிசல்கள் இறுகும் என்பதால், ஆயிரம் அடிக்கு மேல் செலவு செய்யும் முன் நில மின்தடை ஆய்வு செய்பவரை அழைப்பது நல்லது. நிலத்துக்குக் குறுக்கே கறுப்புப் பாறை வரிசை ஓடினால் அதை அவரிடம் காட்டுங்கள். நிலத்தடி நீரோட்டத்துக்கு அது பல இடங்களில் அணையாக நிற்கும்; மேட்டுப் பக்கம் நீர் தேங்கும், பள்ளப் பக்கம் வறளும்.

தண்ணீர் கிடைத்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இந்தப் பாறைகளில் உள்ள காக்காப்பொன், அபடைட் போன்ற தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு மெல்ல நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை, அளவு கூடினால் பெரியவர்களுக்கு எலும்பில் வலியும் முடக்கமும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவர ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013இல் தொடங்கப்பட்டதற்கு இதுதான் அடிப்படை. போர்வெல் நீரைக் குடிக்கிறீர்கள் என்றால் கட்டாயம் பரிசோதனைக்குக் கொடுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும்.

நேரில் பார்க்க

படிவுப்பாறை உருவாகத் தொடங்குவதைக் கிருஷ்ணகிரி அணையிலேயே காணலாம். 1958இல் திறந்த அந்த அணையின் நீர் இறங்கும் கோடையில் கரையோரம் நடந்தால் தென்பெண்ணை கொண்டுவந்த வண்டல் படலம் படலமாக வெடித்துக் கிடக்கும். அந்த மணலில் மிஞ்சியிருப்பது நம் மலைகளின் குவார்ட்ஸ். அந்தக் களி, நம் மலைகளின் ஃபெல்ஸ்பார் மழையில் சிதைந்தது. இறுகிய படிவுப்பாறையைப் பார்க்க மாவட்டத்துக்கு வெளியே போக வேண்டும். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிச் சுண்ணாம்புக்கல்லிலும் களிப்பாறையிலும் சுருள் ஓடுகளுடைய அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் பதிந்திருக்கின்றன. சாத்தனூரில் 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளம். விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் கல்லாகிய மரங்கள் ஒரு பூங்கா அளவுக்குப் பரவிக் கிடக்கின்றன. கிரானைட்டிலோ டோலரைட்டிலோ இப்படி ஒரு சிப்பியைக்கூடப் பார்க்க முடியாது. உருகிய குழம்பில் உயிரின் தடம் நிற்காது.

சாத்தனூரும் திருவக்கரையும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள். அங்கிருந்து ஒரு துண்டும் எடுத்து வரக் கூடாது. ஆணியும் எலுமிச்சையும் கடை மாதிரிக்கும் வீதியோரக் கல்லுக்கும் மட்டும்தான். மல்லசந்திரத்துக் கல்திட்டை, மல்லப்பாடிப் பாறை ஓவியம், ஊர் ஊராக நிற்கும் நடுகல் எதிலும் கீறவோ சாறு பிழியவோ சுண்ணாம்பு தடவி எழுத்தை வெளிக்கொண்டுவரவோ வேண்டாம். அங்கே லென்ஸும் சாய்ந்த காலை வெயிலும் போதும்.